‘துணைப்பண்பாடு’ யாருக்குத் துணை? கலைச்சொல் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

சமூகவியல் கலைச்சொற்களை வகுக்கும் அறிஞர்களுக்கும் தமிழ்வழிப் பாடநூல்களை எழுதும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ்வழி மாணவர்களுக்குச் சமூகவியல் கற்பிக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற பருவத்தில் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கேட்டிருந்தேன்: ‘துணைப்பண்பாடு என்றால் என்ன? எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.’ எளிய வினா என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொரு விடைத்தாள்கள் வந்தன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களில் எழுத்துப் பிசகாமல் ஒரே விடை. ‘சமுதாயத்தின் முதன்மைப் பண்பாட்டிலிருந்து விலகி வாழும் சிறு குழுவினரின் பண்பாடு துணைப்பண்பாடு எனப்படும். எ.கா.: திருடர்கள், போதைக்கு அடிமையானோர், சேரிவாழ் மக்கள்.’

தேர்வுக்கு முந்தைய நாள் மாணவர்கள் வாங்கிப் படிக்கும் வினாவிடைப் புத்தகம் ஒன்றில் அந்த வரி இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதியவர்களில் பாதிப் பேராவது அந்த மூன்றாவது எடுத்துக்காட்டின் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். தங்கள் தாய் தந்தையரைத் திருடர்களுக்கு அடுத்த இடத்தில் வைத்து, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் எதிர்பார்த்து, அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

ஒரு மாணவன் மட்டும் அந்த வினா எண்ணை எழுதி, அதன் கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். வடசென்னைக்காரன். தாய்மாமனோடு சாவு வீடுகளுக்குப் போய்க் கானா பாடுகிறவன். வகுப்பில் எவரையும்விட இந்த வினாவுக்கு விடை தெரிந்தவன் அவன்தான். அழைத்துக் கேட்டேன். “நோட்ஸில் இருப்பது எனக்கும் மனப்பாடம்தான் ஐயா. அதை என் கையால் எழுத மனம் வரவில்லை” என்றான். வெற்றிடத்துக்கு மதிப்பெண் போட விதி இல்லை. சுழியம் போட்டேன். அந்தச் சுழியத்தைப் போட்ட நாளிலிருந்து இந்த மடலை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வினாவிடைப் புத்தகம் எழுதியவர் மீது மட்டும் பழி போட்டுவிட்டு நான் ஒதுங்க முடியாது. அவர் தாமாக எதையும் கற்பனை செய்யவில்லை. நாம் கொடுத்த சொல்லை எடுத்து, அந்தச் சொல் தமிழ்க் காதில் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே விரித்து எழுதியிருக்கிறார். சொல்லை வகுத்த இடத்தில்தான் பிழை தொடங்குகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ‘பண்பாடு’. இந்தச் சொல்லை 1937இல் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று அகராதி அறிஞர் வையாபுரிப்பிள்ளை குறித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். நூறு வயதுகூட ஆகாத சொல். ஆனால் அதன் வேர் மிகப் பழையது. ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்கிறது கலித்தொகை. பண்பு என்றால் தமிழருக்கு நற்பண்புதான். ‘பண்பில்லாதவன்’ என்பது வசை. ‘பண்பட்டவர்’ என்பது பாராட்டு. எட்வர்டு டைலர் 1871இல் மானிடவியலுக்காக வரையறுத்த ‘கல்ச்சர்’ வேறொரு பொருள் கொண்டது. ஒரு சமூகத்தில் பிறந்து வளரும் மனிதர் கற்றுக்கொள்ளும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாம் சேர்ந்த தொகுதியை அவர் அப்படி அழைத்தார். அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. நாமோ அந்தச் சொல்லைப் பெயர்க்கும்போது, மதிப்பீடு ஊறிப்போன ஒரு பாத்திரத்தில் ஊற்றிவிட்டோம். அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்; அழகான சொல். ஆனால் அதன் முன்னால் ஓர் அடைமொழி சேர்க்கும்போது இருமடங்கு கவனம் தேவை. பண்பாடு என்பதே மேன்மை என்றால், துணைப்பண்பாடு என்பது மேன்மைக்குச் சற்றுக் கீழே என்றுதானே மாணவர் புரிந்துகொள்வார்?

நாளிதழ்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டன. அரசின் துறைக்குப் பெயர் கலை பண்பாட்டுத் துறை. விழா எடுக்கிற அமைப்புக்குப் பெயர் பண்பாட்டுக் கழகம். ஆனால் துப்பாக்கி பரவினால் ‘துப்பாக்கிக் கலாச்சாரம்’. சாலையை அடைத்துத் தட்டி வைத்தால் ‘பேனர் கலாச்சாரம்’. லஞ்சம் பெருகினால் ‘லஞ்சக் கலாச்சாரம்’. மாணவர்கள் பேருந்தில் பாடினால், அந்தத் தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும் பெயரால், ‘ரூட்டு தல கலாச்சாரம்’. ‘தமிழ்க் கலாச்சாரம்’ என்று பெருமையாகவும் சொல்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் முன்னால் ஒரு பொருளின் பெயரோ ஒரு குழுவின் பெயரோ ஒட்டிக்கொண்டு வரும்போது, அந்தச் சொல் பெரும்பாலும் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. ஆகவே சிறு குழுக்களின் வாழ்முறையைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போதே நம் மாணவர்களுக்கு இரண்டே சொற்கள் கிடைக்கின்றன. ஒன்று அவர்களைக் கீழே வைக்கிறது. மற்றொன்று காவல் நிலையத்தில் வைக்கிறது.

இந்தக் கருத்து பிறந்த இடத்திலேயே அது கறைபடாமல் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாம் ‘துணைப்பண்பாடு’ என்று பெயர்த்த ‘சப்கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘சப்’ என்ற முன்னொட்டுக்கும் ‘கீழே’ என்ற பொருள் உண்டு. சமூகவியலுக்கு வருவதற்கு முன்பு நுண்ணுயிர் ஆய்வகங்களில் அந்தச் சொல் புழங்கியது. ஒரு தட்டில் வளர்ந்த நுண்ணுயிர்களில் சிறிதளவு எடுத்துப் புதிய ஊட்டம் உள்ள வேறொரு தட்டில் வளர்த்தால், அந்த இரண்டாவது வளர்ப்புக்கு அந்தப் பெயர். முதல் தட்டில் இருப்பது உயர்ந்தது, இரண்டாவதில் இருப்பது தாழ்ந்தது என்று எந்த ஆய்வாளரும் நினைப்பதில்லை. இடமும் ஊட்டமும் மாறியிருக்கின்றன. அவ்வளவுதான். மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

1947இல் மில்டன் கோர்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இந்தச் சொல்லுக்குத் தெளிவான வரையறை ஒன்றைத் தந்தார். வர்க்கம், இனப் பின்னணி, வாழும் வட்டாரம், ஊர்ப்புறமா நகர்ப்புறமா என்பது, சமயம் ஆகிய பல நிலைமைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒரு மனிதர்மேல் ஒன்றுபட்ட தாக்கத்தை உண்டாக்கும்போது உருவாகும், ஒரு நாட்டின் பண்பாட்டுக்குள் அமைந்த பகுதி என்றார். அந்தப் பின்னலில்தான் அவர் கருத்தின் உயிர் இருக்கிறது. வறுமை மட்டும் இருந்தால் அது ஒரு பண்பாடாகிவிடாது. ‘சேரிவாழ் மக்கள்’ என்று ஒரே சொல்லில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அள்ளிப் போடுகிற எடுத்துக்காட்டு கோர்டனின் வரையறைக்கே பொருந்தாது.

பிறகு 1955இல் ஆல்பர்ட் கோகன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் குற்றச் செயல்களில் ஈடுபடும் சிறுவர் கூட்டங்களை ஆராய்ந்து எழுதினார். நம் பாடநூல்களில் இந்தச் சொல் குற்றத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்த ஆய்வின் அரைகுறை வாசிப்பே காரணம் என்று நான் கருதுகிறேன். அவர் சொன்னது என்ன? பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளையும் நடுத்தர வர்க்கத்தின் அளவுகோலால் அளக்கிறது. அந்தக் கோலுக்கு எட்டாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மதிப்பிழந்து நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்கள் ஒன்றுகூடி, தங்களால் எட்டக்கூடிய வேறோர் அளவுகோலைச் செய்துகொள்கிறார்கள். பழி சுமத்துவதற்காக எழுதியதில்லை இது. பள்ளிக்கூடத்தை நோக்கியும் விரல் நீட்டுகிறது. நாமோ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் 1964இல் தொடங்கி, பின்னர் ஸ்டூவர்ட் ஹால் வழிநடத்திய பண்பாட்டு ஆய்வு மையம் இந்தச் சொல்லுக்கு மறுபிறவி கொடுத்தது. தொழிலாளர் வீட்டு இளைஞர்களின் உடை, தலைமுடி, இசை ஆகியவற்றை அவர்கள் ஓர் ஏட்டைப் படிப்பதுபோலப் படித்தார்கள். மேட்டுக்குடியினருக்காகத் தைக்கப்பட்ட எட்வர்டு காலப் பாணி நீண்ட மேலங்கியை லண்டன் உழைக்கும் வர்க்கத்து இளைஞர் எடுத்து அணிந்ததற்கு ஒரு பொருள் உண்டு என்றார்கள். அதே 1964ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் ‘மாட்ஸ்’, ‘ராக்கர்ஸ்’ என்ற இரு இளைஞர் கூட்டங்களுக்கு இடையே சச்சரவு ஏற்பட்டது. ஆல்பர்ட் கோகனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கோகன், ஸ்டான்லி கோகன், அதைப் பின்னாளில் ஆராய்ந்தார். நடந்தது சிறிது, செய்தித்தாள்கள் எழுதியது பெரிது என்று கண்டார். அந்தச் செய்திகளே பீதியைக் கிளப்பி, காவல்துறையை முடுக்கி, இளைஞர்களை இன்னும் இறுக்கமான கூட்டங்களாக்கின என்று 1972இல் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊரில் ‘புள்ளிங்கோ’ என்ற பெயரில் ஒரு பரபரப்பு எழுந்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. தலைமுடிக்குச் சாயம் பூசிய பிள்ளைகளைப் பிடித்து முடி வெட்டி அனுப்புவதைப் பெரியவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அந்த முடிக்கு என்ன பொருள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி என் மாணவன் வெறுமையாக விட்ட அரைப் பக்கத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

வடசென்னையில் ஒருவர் இறந்தால் இரவு முழுக்க உடலோடு விழித்திருக்க வேண்டும். தனியாக விழித்திருப்பது கொடுமை. அதற்காகவே வருகிறார்கள் கானாப் பாடகர்கள். டோலக், தபேலா, ஆர்மோனியம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு மரப்பலகை. அந்த வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பாடுவதன்று, விசாரிப்பது. இறந்தவர் பெயர் என்ன, எந்தத் துறைமுக வேலையில் இருந்தார், மனைவி பெயர் என்ன, மூத்த மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், யாரோடு பேசாமல் இருந்தார். கேட்ட செய்திகளைப் பாட்டுக்குள் கோத்து, அந்த இரவுக்காக, அந்த ஒரு மனிதருக்காகப் பாடுகிறார்கள். நிலையாமையைப் பாடுவார்கள். நடுச்சாமத்தில் கூட்டம் சோர்ந்தால் சிரிக்க வைக்கும் பாட்டு வரும். அதில் இறந்தவரின் குறும்பும் வரும். விடியும்போது மீண்டும் அழுகை. எப்போது எந்தப் பாட்டு என்பதற்கு ஏட்டில் எழுதாத முறை ஒன்று இருக்கிறது. அந்த முறை தெரியாமல் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர் தாளத்தை நிறுத்திவிடுவார். என் மாணவன் முதல் இரண்டு ஆண்டுகள் தாளம் மட்டும் தட்டினான். வாய் திறக்க மாமன் அனுமதிக்கவில்லை.

இதில் கற்றுக்கொள்ளும் முறை இருக்கிறது, குரு இருக்கிறார், தேர்ச்சிக்கு அளவுகோல் இருக்கிறது, தனக்கென்று ஒரு மொழி இருக்கிறது, எது மரியாதை எது மரியாதைக்கேடு என்ற கணக்கு இருக்கிறது. ஒரு வாழ்முறையைப் பண்பாடு என்று அழைக்க இன்னும் என்ன வேண்டும்? பிறகு அதற்கு முன்னால் நாம் சேர்க்கும் ‘துணை’ எதைக் குறிக்கிறது? எந்தப் பெரிய பண்பாட்டுக்குப் பணிவிடை செய்ய இது ஏற்பட்டது?

தொண்ணூறுகளில் திரையிசை கானாவை எடுத்துக்கொண்டது. இசையமைப்பாளர் தேவாவின் மெட்டுகள் வழியே அந்தத் தாளம் தமிழகம் எங்கும் போனது. சாவு வீட்டுப் பாட்டு கல்யாண மண்டபம் ஏறியது. அதைப் பெற்றெடுத்த தெருக்களின் பெயரோ, ‘ரவுடிகள் வாழும் இடம்’ என்ற அளவிலேயே நின்றது. பொதுச் சந்தை ஒரு குழுவின் பாணியை எடுத்து விற்றுவிட்டுக் குழுவை அப்படியே விட்டுவிடும் என்று பர்மிங்காம் மையத்தில் பயின்ற டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதியது லண்டனைப் பற்றி. படிக்கும்போது எனக்கு நம் ஊர்தான் கண்முன் வந்தது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோதுதான், கானாவைத் தங்கள் குரலில், தங்கள் அரசியலோடு பாடும் ஒரு குழுவை இந்த நகரத்தின் பெரிய சபை உட்கார்ந்து கேட்டது. அந்தக் குழுவின் பாடகி இசைவாணியை 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த ஒரு மரபுக்குள் ஒரு பெண் நுழைந்து பாடியதும் அந்தப் பண்பாட்டுக்குள் நடந்த மாற்றம்தான். பாடநூல்கள் துணைப்பண்பாட்டையும், பொதுப்பண்பாட்டை எதிர்த்து நிற்கும் எதிர்ப்பண்பாட்டையும் போட்டுக் குழப்புகின்றன. இரவெல்லாம் சாவு வீட்டில் பாடும் மாமன் யாரையும் எதிர்க்கவில்லை. அதே தாளத்தில் சாதிக்கு எதிராகப் பாடும் மேடை எதிர்க்கிறது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கும்போது, நம் நூல்கள் இன்னும் அறுபதுகளின் அமெரிக்க ஹிப்பிகளைத்தான் காட்டிக்கொண்டிருக்கின்றன.

வேறு எடுத்துக்காட்டுகளுக்கும் பஞ்சம் இல்லை. வடசென்னையின் குத்துச்சண்டைக் குழுக்கள் தங்களைச் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அழைத்துக்கொண்டன. பரம்பரை என்பது பெரும்பாலும் குருதிவழியைக் குறிக்க வழங்கும் சொல். அதை எடுத்து, வாத்தியார் வழியாகச் சேரும் ஒரு குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். கலைச்சொல் ஆக்கத்தில் நமக்கெல்லாம் பாடம் எடுக்கத் தக்க துணிச்சல் அது. திருநங்கையரின் ஜமாத்தில் தாய், மகள், பாட்டி என்று பிறப்பால் வராத முழு உறவுமுறையே இருக்கிறது. பிறந்த வீடு துரத்திய பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் வீடு அது. சித்திரையில் கூவாகத்துக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், ஆண்டின் மற்ற நாட்களில் அந்த உறவுமுறை எப்படி ஒருவரை ஒருவர் தாங்குகிறது என்று எழுதுவதில்லை.

ரூட்டு தல பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். மாணவர் கூட்டங்கள் ஒன்றையொன்று கத்தியால் வெட்டியிருக்கின்றன. உயிர்கள் போயிருக்கின்றன. என் வகுப்பறையிலிருந்தே ஒருவனைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். வெட்டுவது குற்றம். அதற்கு வேறு பெயர் சூட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து விடியலில் ரயில் ஏறி, நாளுக்கு நான்கு மணிநேரம் பயணத்திலேயே கழிக்கிற, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி பார்க்கிற ஒரு பிள்ளைக்கு நட்பு கிடைக்கிற இடம் எது? கல்லூரியில் மணி அடித்ததும் வாயிற்கதவு சாத்தப்படுகிறது. பேருந்தும் ரயில் பெட்டியும்தான் அவனுக்கு முற்றம். அங்கே அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, ஒரு இடம் கிடைக்கிறது, பாடினால் தாளம் போட ஆள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் வாழ்முறை முழுவதையும் குற்றம் என்று எழுதினால், அதற்குள் கத்தி எப்படி வந்தது என்று ஆராயவே முடியாமல் போய்விடும். எல்லாமே கத்தி என்று முன்பே முடிவு செய்துவிட்டோமே. ஒரு கலைச்சொல்லின் வேலை கண்ணைத் திறந்துவிடுவது. இந்தச் சொல் மூடிவிடுகிறது.

இன்னொரு கேடும் நடக்கிறது. சில நூல்கள் சாதிகளையே துணைப்பண்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றன. சாதிக்கென்று உணவும் சடங்கும் பேச்சுவழக்கும் இருப்பது உண்மை. ஆனால் சாதிக்குள் ஒருவர் சேர முடியாது, அதிலிருந்து விலகவும் அவரை விடமாட்டார்கள். ஒரு சாதியை இன்னொன்றின் மேல் வைத்துக் கட்டிய அடுக்கு அது. அதைப் ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று மென்மையாக எழுதினால், அடுக்கு மறைந்து வண்ணம் மட்டும் தெரிகிறது. புதிதாகப் பாடநூல் எழுதப் போகிற எவரும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மிங்காம் ஆய்வாளர்கள் தெருமுனையில் நின்று பார்த்தார்கள். அதனால் பையன்கள் மட்டுமே கண்ணில் பட்டார்கள் என்று அதே மையத்தைச் சேர்ந்த ஏஞ்சலா மெக்ராபி எழுபதுகளிலேயே கண்டித்தார். நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். இந்த மடலிலேயே பாருங்கள், பெரும்பாலும் பையன்கள்தான். என் மாணவியரின் அம்மாக்கள் மாத நாவல்களை வாங்கி, அட்டை கிழியும்வரை தெருவுக்குள் கைமாற்றிப் படித்து, எந்தக் கதாநாயகி செய்தது சரி என்று குழாயடியில் விவாதித்த கதையை ஒரு மாணவி சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஆய்வாளரும் அந்தக் குழாயடிக்குப் போகவில்லை.

சரி, என்ன சொல் வேண்டும்? ‘சப்’ என்ற முன்னொட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே பல பெயர்ப்புகள் உண்டு. துணைக்குழு, துணை மின்நிலையம், இந்தியத் துணைக்கண்டம், சார் ஆட்சியர், சார்பதிவாளர், உட்பிரிவு, கிளைச்சிறை. துணைக்கண்டம் என்பதில் யாருக்கும் இழிவு தோன்றவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலப்பரப்புக்கு மானம் இல்லை. மனிதக் கூட்டத்தைக் குறிக்கும்போது ‘துணை’ என்பது துணை ஆட்சியரையும் துணைவேந்தரையும் நினைவூட்டி, மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறது. ‘துணை’ என்றால் தோழமை என்ற பழைய பொருள் அழகானது. ஆனால் ‘பண்பாடு’ என்பதோடு சேரும்போது அந்தப் பொருள் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ‘உபகலாச்சாரம்’ இன்னும் மோசம். ‘உட்பண்பாடு’ பரவாயில்லை, ஆனால் நம் ஊரில் ‘உட்’ என்று தொடங்கினாலே அடுத்து ‘சாதி’ என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

நான் முன்வைப்பது ‘கிளைப்பண்பாடு’. சிலர் ஏற்கெனவே இதை ஆள்கிறார்கள். மொழியியலார் வட்டார, சமூக வழக்குகளைக் ‘கிளைமொழி’ என்று அழைத்துப் பல காலமாயிற்று. கிளைமொழி தாழ்ந்த மொழி அன்று என்பதையும், நாம் தரமொழி என்று எழுதுவதே ஒரு காலத்தில் கிளைமொழியாக இருந்து அதிகாரம் பெற்றதுதான் என்பதையும் அவர்கள் வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். ஆயத்தமாக இருக்கிற அந்த அறிவை நாமும் பெற்றுக்கொள்ளலாம். பொதுப்பண்பாடு என்பதும் அதிகாரம் பெற்ற ஒரு கிளைதான் என்று மாணவருக்குச் சொல்ல அந்தச் சொல் இடம் தரும். சங்கத் தமிழில் கிளை என்றால் சுற்றம். இரவில் சாவு வீட்டில் கூடியிருக்கும் அந்தக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு இல்லை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. தென்மாவட்டங்களில் சில சமூகங்களில் ‘கிளை’ என்பது தாய்வழி வரும் உட்குழு. ஒரே கிளையைச் சேர்ந்தவர்கள் மணம் செய்துகொள்வதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாணவருக்கு இந்தச் சொல் உறவுமுறையைத்தான் முதலில் சொல்லும். இதை நான் சிறிய தடை என்று ஒதுக்கவில்லை. ஆனால் கிளை நூலகம், கிளை வாய்க்கால், கட்சிக் கிளை என்று அதே சொல் அதே ஊர்களில் வேறு பொருளிலும் நாள்தோறும் வழங்குகிறது. குழப்பம் வந்தால் ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிடலாம். ‘துணை’ உண்டாக்கும் குழப்பத்தை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் தீர்க்கப் பார்க்கிறேன், முடியவில்லை. இதைவிடச் சிறந்த சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். என் சொல்தான் நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை.

சொல்லை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று சொல்லாதீர்கள். ஊனமுற்றோர் என்று எழுதிவந்த கைகள்தாம் இன்று மாற்றுத்திறனாளி என்று எழுதுகின்றன. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையருக்கென நலவாரியம் அமைந்தது. வாய்கூசும் பழைய சொற்களை விலக்கி ‘திருநங்கை’ என்ற சொல்லை நாளிதழ்கள் ஏற்றுக்கொண்டதையும் என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சொல் வந்த பிறகு என் வகுப்பில் அவர்களைப் பற்றிப் பேசும்போது எழுந்த நகைப்பு குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை, குறைந்தது. அந்தக் குறைவுக்கு மதிப்பு உண்டு.

சொல்லோடு வரையறையையும் திருத்தித் தாருங்கள். ‘விலகிய’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒரு பெரிய சமூகத்துக்குள் வாழ்ந்துகொண்டே, தங்களுக்கென்று பழக்கங்களும் பேச்சும் மதிப்பீடுகளும் வளர்த்துக்கொண்ட மக்கள் கூட்டத்தின் வாழ்முறை என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டுகளில் குற்றவாளிகளை மட்டும் போடாதீர்கள். போடத்தான் வேண்டும் என்றால், பக்கத்தில் படைவீரர்களையும் மருத்துவக் கல்லூரி விடுதி மாணவர்களையும் மார்கழிக் கச்சேரி ரசிகர்களையும் போடுங்கள். சபாவில் எந்த ராகத்துக்கு எப்போது தலையாட்டுவது, எந்தச் சிற்றுண்டிக் கடையில் எந்த நேரத்தில் கூடுவது என்று அவர்களுக்கும் எழுதாத சட்டங்கள் இருக்கின்றன. வசதி உள்ளவர்களிடம் இருந்தால் மரபு, இல்லாதவர்களிடம் இருந்தால் துணைப்பண்பாடு என்று பிரித்து எழுதும் வழக்கம் அந்த ஒரு பட்டியலிலேயே முடிவுக்கு வரும்.

பாடத்திட்டத்தை மாற்றி எழுதும் குழு எப்போது கூடினாலும், அதற்கு முன்பு ஒரு நாள் உங்களில் யாராவது என் வகுப்புக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை முதல் பாடவேளை என்னுடையது. அந்த மாணவன் மூன்றாவது வரிசையில், சன்னலோரம் உட்கார்ந்திருப்பான். முதல் நாள் இரவு எங்காவது பாடிவிட்டு வந்திருந்தால் தூங்கிக்கொண்டிருப்பான், எழுப்ப வேண்டாம். விழித்திருந்தால் அந்த ஐந்து மதிப்பெண் வினாவை நீங்களே அவனிடம் கேளுங்கள். உங்கள் அடுத்த பதிப்புக்கு வேண்டிய வரையறையை அவன் சொல்லும்போது எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வாருங்கள்.

மதிப்புடன்,
சமூகவியல் ஆசிரியர் ஒருவர்
சென்னை